நார்டிக் நாடுகள் சோசலிச நாடுகளா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்வீடன், நார்வே, டென்மார்க் என்று பேச்சு எடுத்தாலே ஆட்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "சோசலிசம் ஜெயித்த இடம்" என்பது ஒரு அணி. "அது சுத்தமான முதலாளித்துவம், வரி மட்டும் கொஞ்சம் அதிகம்" என்பது இன்னொன்று. இரண்டு பக்கமும் தங்களுக்கு வசதியான தகவலை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். சிலவற்றுக்கு நீண்ட பதில் தேவைப்பட்டது, சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அவை சோசலிச நாடுகளா, இல்லையா?

இல்லை. சோசலிசம் என்றால் உற்பத்திச் சாதனங்கள் பொது உடைமையாக இருக்க வேண்டும். இங்கே தொழிற்சாலை, வங்கி, கடை, நிலம் எல்லாவற்றிலும் பெரும்பகுதி தனியார் கையில்தான் இருக்கிறது. எதைத் தயாரிப்பது, எங்கே முதலீடு போடுவது, எந்த ஆலையை மூடுவது என்பதைப் பெரும்பாலும் லாபக் கணக்குதான் தீர்மானிக்கிறது.

ஆனால் "இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடவும் முடியாது. இந்த அமைப்பைக் கட்டியவர்களில் பலர் தங்களைச் சோசலிஸ்டுகள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். 1970களில் ஸ்வீடன் நிஜமாகவே அந்தக் கோட்டைத் தாண்டப் பார்த்தது. நார்வேயின் கதை தனி.

எந்தெந்த நாடுகளைப் பற்றிப் பேசுகிறோம்?

ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஃபின்லாந்து, ஐஸ்லாந்து. முதல் மூன்றிலும் இன்றைக்கும் மன்னர்கள் இருக்கிறார்கள். ஐந்துக்கும் பொதுவான குணங்கள் உண்டு என்றாலும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. கீழே அதிகம் பேசப்போவது ஸ்வீடனைப் பற்றி. ஏனென்றால் இந்த விவாதம் மிக ஆழமாக நடந்த இடம் அதுதான்.

இலவசப் படிப்பு, கைக்கு எட்டும் செலவில் வைத்தியம், எல்லோருக்கும் ஓய்வூதியம். இது சோசலிசம் இல்லாமல் வேறென்ன?

ஜெர்மனியில் 1883-ல் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீடு, 1884-ல் விபத்துக் காப்பீடு, 1889-ல் முதியோர் ஓய்வூதியம் என வரிசையாகக் கொண்டுவந்தவர் பிஸ்மார்க். அதே பிஸ்மார்க்தான் 1878 முதல் சோசலிஸ்டுகளின் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் தடை செய்து வைத்திருந்தவர். சோசலிசம் வராமல் தடுக்கத்தான் அவர் இதையெல்லாம் கொடுத்தார். எனவே அரசு மருத்துவமனையையும் ஓய்வூதியத்தையும் வைத்து ஒரு நாடு சோசலிச நாடு என்று முடிவு கட்ட முடியாது.

வருமானத்தைப் பங்கிடுவது வேறு, உடைமையைப் பங்கிடுவது வேறு. நார்டிக் நாடுகள் முதலாவதில் உலகத்திலேயே முன்வரிசை. இரண்டாவதில் ரொம்பவும் தயங்கியவை. ஸ்வீடனின் வாலன்பெர்க் குடும்பத்தைப் பாருங்கள். 1856-ல் ஒரு வங்கியில் தொடங்கிய குடும்பம். சமூக ஜனநாயகக் கட்சி பல பத்தாண்டுகள் ஆண்ட பிறகும் எரிக்சன், அட்லஸ் காப்கோ, எஸ்.இ.பி. வங்கி என நாட்டின் பெரிய நிறுவனங்களில் அந்தக் குடும்பத்தின் பிடி தளரவே இல்லை. டென்மார்க்கில் பொம்மை நிறுவனமான லெகோவும் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் இன்றும் நிறுவனர் குடும்பங்களின் கட்டுப்பாட்டில்தான் இருக்கின்றன. ஸ்வீடனில் வருமான ஏற்றத்தாழ்வு குறைவு, ஆனால் சொத்து ஏற்றத்தாழ்வு மிக அதிகம். இந்த இரண்டும் ஒரே நாட்டில் சேர்ந்து இருக்கும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

"நாங்கள் சோசலிச நாடு இல்லை" என்று டென்மார்க் பிரதமரே சொன்னாராமே?

சொன்னார். 2015 அக்டோபரில் அமெரிக்க ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களின் விவாதத்தில் பெர்னி சாண்டர்ஸ், டென்மார்க், ஸ்வீடன், நார்வே போன்ற நாடுகளிடமிருந்து அமெரிக்கா கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அந்த மாதக் கடைசியில் டென்மார்க் பிரதமர் லார்ஸ் லக்க ராஸ்முசன் ஹார்வர்டில் பேசியபோது, டென்மார்க் சோசலிசத் திட்டப் பொருளாதாரத்திலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது, அது ஒரு சந்தைப் பொருளாதாரம் என்று விளக்கம் கொடுத்தார்.

தகவல் சரிதான். ஆனால் சொன்னவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். அவர் அப்போது வலதுசாரி தாராளவாதக் கட்சியான வென்ஸ்ட்ரவின் தலைவர். தவிர, சோசலிசத்தைச் சோவியத் பாணித் திட்டமிடலோடு சமமாக வைத்துவிட்டால் மறுப்பது சுலபம். சாண்டர்ஸ் அதைக் கேட்கவில்லை. உண்மையில் அவர் கேட்டவை பெரும்பாலும் மருத்துவக் காப்பீடு, சம்பளத்தோடு பேறுகால விடுப்பு, கட்டணமில்லாக் கல்லூரி போன்றவைதான். முதலாளித்துவத்தை வைத்துக்கொண்டே நலத் திட்டங்களால் அதைத் திருத்தும் சமூக ஜனநாயகத்தைச் சோசலிசம் என்று அவர் பெயரிட்டார், சோசலிசத்தைத் திட்டப் பொருளாதாரம் என்று இவர் பெயரிட்டார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்ளவே இல்லை.

ஸ்வீடனை அத்தனை காலம் ஆண்டது சோசலிசக் கட்சிதானே?

ஆமாம், இந்தக் கேள்விதான் கனமானது. ஸ்வீடன் சமூக ஜனநாயகக் கட்சி 1889-ல் பிறந்தது. அதன் முதல் கொள்கை அறிக்கை ஜெர்மன் மார்க்சியர்களின் அறிக்கையை ஒட்டி எழுதப்பட்டது. 1932 முதல் 1976 வரை, 1936 கோடைக்காலத்தில் சில மாதங்கள் தவிர, அந்தக் கட்சியே ஆட்சியில் இருந்தது. தாகே எர்லாண்டர் மட்டும் 23 ஆண்டுகள் பிரதமர். ஜனநாயக முறைத் தேர்தலில் இப்படி நீண்ட காலம் ஜெயித்த இடதுசாரிக் கட்சியைக் காண்பது அரிது.

அப்படிப்பட்ட கட்சி ஏன் தொழில்களை அரசுடைமையாக்கவில்லை? முதலில் அதற்குத் துணிச்சல் வரவில்லை. 1920-ல் யால்மர் பிராண்டிங் தலைமையில் முதல் சமூக ஜனநாயக அரசு அமைந்ததும், எந்தத் தொழில்களை நாட்டுடைமையாக்கலாம் என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். பத்தாண்டுக்கு மேல் உட்கார்ந்து ஆராய்ந்த அந்தக் குழு உருப்படியான ஒரு நாட்டுடைமைத் திட்டத்தையும் கொடுக்கவில்லை. நம் ஊர் விசாரணைக் கமிஷன்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1928 தேர்தலில் வாரிசு வரியை ஏற்றுவோம் என்று சொன்னதற்கே எதிர்த்தரப்பு ரஷ்யப் பூச்சாண்டி காட்டிக் கட்சியைத் தோற்கடித்தது.

அதே 1928-ல் கட்சித் தலைவர் பெர் ஆல்பின் ஹான்சன் நாடாளுமன்றத்தில் புதிய பேச்சு ஒன்றைத் தொடங்கினார். நாடு எல்லோருக்குமான வீடாக இருக்க வேண்டும், அதில் செல்லப்பிள்ளையும் கூடாது, மாற்றாந்தாய்ப் பிள்ளையும் கூடாது என்பது அதன் சாரம். வர்க்கப் போராட்டப் பேச்சு இதற்குப் பிறகு பின்வரிசைக்குப் போனது. 1933-ல் விவசாயிகள் கட்சியோடு பேரம் பேசி, விளைபொருள் விலைக்குப் பாதுகாப்பு கொடுத்து, வேலையில்லாதவர்களுக்கான திட்டத்துக்கு ஆதரவு வாங்கினார்கள். டென்மார்க்கில் இதே மாதிரி ஒப்பந்தம் 1933 ஜனவரி 30 அன்று கையெழுத்தானது. அன்றுதான் பெர்லினில் ஹிட்லர் ஆட்சிப் பொறுப்புக்கு வந்தார்.

அப்புறம் 1938. ஸ்டாக்ஹோம் அருகே சால்ட்ஷோபாடன் என்ற ஊரில் தொழிற்சங்கக் கூட்டமைப்பான எல்.ஓ.வும் முதலாளிகள் சங்கமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஆலையை நடத்தும் உரிமை முதலாளிக்கு, கூலியைப் பேசி முடிக்கும் உரிமை இருவருக்கும், அரசு குறுக்கே வர வேண்டாம். ஸ்வீடன் மாதிரி என்று இன்று சொல்லப்படுவதன் அஸ்திவாரம் இது. உடைமையைத் தொட மாட்டோம் என்று அங்கே எழுதிக்கொடுக்கவில்லை. ஆனால் நடைமுறையில் அதுதான் நடந்தது.

உடைமையைத் தொடாமலேயே சோசலிசம் கொண்டுவரலாம் என்று ஒரு வாதம் உண்டாமே?

உண்டு, கெட்டிக்கார வாதம். குன்னார் ஆட்லர்-கார்ல்சன் என்ற ஸ்வீடன் பொருளாதார அறிஞர் 1960களில் முன்வைத்தது. உடைமை என்பது ஒற்றைப் பொருள் அல்ல, பல உரிமைகளின் கட்டு. வேலைக்கு எடுக்கும் உரிமை, நீக்கும் உரிமை, விலை வைக்கும் உரிமை, லாபத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை என்று பல இழைகள். மன்னரை நாங்கள் விரட்டவில்லை, அவருடைய அதிகாரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டோம், இன்று அவர் ரிப்பன் வெட்டுகிறார். முதலாளிகளையும் அப்படியே செய்வோம் என்றார் அவர்.

1970 வாக்கில் பார்த்தால் இது பலித்தது போலவே தெரிந்திருக்கும். ஆனால் மன்னருக்கும் முதலாளிக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. மன்னரால் கழற்றிய அதிகாரத்தை மறுபடி மாட்டிக்கொள்ள முடியவில்லை. முதலாளிகளால் முடிந்தது. 1989-ல் ஸ்வீடன் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளை நீக்கியதும் பணம் தாராளமாக நாட்டை விட்டு வெளியேறலாம் என்றானது. போகிறேன் என்று மிரட்டக்கூடிய மூலதனத்திடம் அரசு கேட்டு வாங்கக்கூடியது குறைந்துபோகும். இந்த இடத்தில்தான் எனக்கு அந்த வாதம் உடைகிறது.

உண்மையான சோசலிசத்தை ஒருமுறையாவது முயன்று பார்த்தார்களா?

பார்த்தார்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

1951-ல் எல்.ஓ. மாநாட்டுக்காக யெஸ்தா ரேன், ருடால்ஃப் மெய்ட்னர் என்ற இரு சங்கப் பொருளாதார வல்லுநர்கள் ஒரு கொள்கையை வகுத்தார்கள். ஒரே வேலைக்கு எல்லாக் கம்பெனியிலும் ஒரே கூலி. அந்தக் கூலியைக் கொடுக்க முடியாத கம்பெனி மூடிக்கொள்ளட்டும். வேலை போனவருக்கு அரசு பயிற்சி கொடுத்து, தேவைப்பட்டால் வேறு ஊருக்குக் குடிபெயர உதவி செய்து, நன்றாக ஓடும் கம்பெனியில் சேர்த்துவிடும். நலிந்த ஆலையைத் திறந்து வைக்கச் சொல்லித்தான் தொழிற்சங்கம் போராடும் என்று நினைப்பவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். ஸ்வீடன் சங்கங்கள் வேலையைக் காக்க நினைக்கவில்லை, வேலை செய்பவரைக் காக்க நினைத்தன.

இதில் ஒரு சிக்கல். லாபம் கொழிக்கும் கம்பெனிகள் இன்னும் அதிகக் கூலி கொடுக்கக்கூடியவை. பொதுவான கூலியோடு அவை தப்பித்துக்கொண்டன. கீழ்மட்டத் தொழிலாளிகளுக்காக மற்ற தொழிலாளிகள் விட்டுக்கொடுத்த கூலி, கடைசியில் பங்குதாரர் பைக்குள் போனது. இதற்கு வழி சொல்லுங்கள் என்று சங்கம் கேட்டது. 1933-ல் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதரான மெய்ட்னர், 1975-ல் பதிலோடு வந்தார். குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டு லாபத்தில் 20 சதவீதத்துக்குப் புதிய பங்குகளை வெளியிட்டுத் தொழிலாளர் நிதியத்திடம் கொடுக்க வேண்டும். பணம் கம்பெனியை விட்டு வெளியே போகாது, உடைமை மட்டும் கைமாறும். நல்ல லாபம் பார்க்கும் கம்பெனியில் இருபது, முப்பது ஆண்டுகளில் பெரும்பான்மைப் பங்கு தொழிலாளர் கூட்டமைப்பின் கைக்கு வந்துவிடும். துப்பாக்கி இல்லை, பறிமுதல் இல்லை, கூட்டு வட்டி மட்டும். 1976 எல்.ஓ. மாநாடு இதை ஏற்றுக்கொண்டது. பிரதிநிதிகள் எழுந்து நின்று சர்வதேசத் தொழிலாளர் கீதத்தைப் பாடினார்கள்.

கட்சித் தலைவர் ஊலோஃப் பால்மேவுக்கு இது தலைவலியாகத்தான் இருந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் கட்சி 44 ஆண்டுகளுக்குப் பிறகு ஆட்சியை இழந்தது. அணு உலைப் பிரச்சினை, வரிப் பிரச்சினை என்று வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன. 1982-ல் மீண்டும் ஜெயித்து வந்தபோது திட்டத்தின் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். 1983 அக்டோபர் 4 அன்று ஸ்டாக்ஹோம் தெருக்களில் இதை எதிர்த்து முதலாளிகள் ஊர்வலம் போனார்கள். சுமார் 75,000 பேர். கோட்டு சூட்டு போட்ட ஆட்கள் பதாகை பிடித்து நடந்ததை நாடே வேடிக்கை பார்த்தது. டிசம்பரில் மசோதா நிறைவேறியது. அந்த விவாதத்தின்போது நிதியமைச்சர் ஷெல்-ஊலோஃப் ஃபெல்ட் தன் இருக்கையில் உட்கார்ந்து, இந்த நிதியங்கள் வெறும் குப்பை, ஆனாலும் இவ்வளவு தூரம் இழுத்து வந்துவிட்டோம் என்ற பொருளில் கவிதை கிறுக்கிக்கொண்டிருந்தார். பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் மாடத்திலிருந்து அதைப் படமெடுத்துவிட்டார். சொந்த அமைச்சரே நம்பாத சோசலிசம்!

நிறைவேறிய சட்டத்தில் கம்பெனிகள் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. ஐந்து நிதியங்கள் வரிப்பணத்தில் பங்குச் சந்தையில் பங்கு வாங்கும், ஒவ்வொன்றும் ஒரு கம்பெனியில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பும் உண்டு. மெய்ட்னர் இதைத் தன் திட்டமாகவே ஒப்புக்கொள்ளவில்லை. 1991-ல் வந்த கார்ல் பில்ட் தலைமையிலான வலதுசாரி அரசு நிதியங்களைக் கலைத்து, பணத்தின் ஒரு பகுதியை அறிவியல் ஆராய்ச்சி அறக்கட்டளைகளுக்குக் கொடுத்தது. பிறகு ஆட்சிக்கு வந்த சமூக ஜனநாயகக் கட்சி அவற்றை மறுபடி உயிர்ப்பிக்கவில்லை.

நீங்கள் சோசலிசமா என்று உலகம் நார்டிக் நாடுகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஸ்வீடன் தன்னைத்தானே அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டது 1976 முதல் 1983 வரை. விடை எதிர்மறையாக வந்தது.

அப்போது ஸ்வீடனில் நாட்டுடைமையாக்கலே நடக்கவில்லையா?

நடந்தது, வலதுசாரிகள் ஆட்சியில்! 1976-ல் ஆட்சிக்கு வந்த தூர்பியோர்ன் ஃபெல்டினின் கூட்டணி, உலகச் சந்தையில் அடிவாங்கிய கப்பல் கட்டும் தளங்களை 1977-ல் அரசு நிறுவனமாக இணைத்தது. 1978-ல் உருக்கு ஆலைகளைச் சேர்த்து அரசும் பங்குதாரராக எஸ்.எஸ்.ஏ.பி. என்ற நிறுவனத்தை உருவாக்கியது. கொள்கை எதுவும் இல்லை, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போகக் கூடாதே என்ற பயம்தான். முந்தைய 44 ஆண்டுகளில் சமூக ஜனநாயகக் கட்சி இந்த அளவுக்குப் போகவில்லை.

நார்வே? அங்கே எண்ணெய் முழுக்க அரசுடையதுதானே?

நார்வேதான் "இல்லை" என்று சுலபமாகச் சொல்ல விடாத நாடு. 1969-ல் எகோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1972-ல் ஸ்டாட்டாயில் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2001-ல் அது பங்குச் சந்தைக்கு வந்தது, 2018-ல் ஈக்வினார் என்று பெயர் மாறியது. இன்றும் 67 சதவீதப் பங்கு அரசிடம்தான். தொலைபேசி நிறுவனமான டெலினாரில் பாதிக்கு மேல், மிகப் பெரிய வங்கியான டி.என்.பி.யிலும் அலுமினிய நிறுவனமான நார்ஸ்க் ஹைட்ரோவிலும் மூன்றில் ஒரு பங்கு. நீர்மின்சாரத்தில் சுமார் 90 சதவீதம் பொது உடைமை. எண்ணெய் லாபத்தின் மீது மொத்தம் 78 சதவீத வரி.

அந்தப் பணம் போய்ச் சேரும் நிதியம் 1990-ல் சட்டமாகி, 1996-ல் முதல் தவணையைப் பெற்றது. இன்று உலகத்தின் பட்டியலிடப்பட்ட பங்குகளில் ஏறக்குறைய 1.5 சதவீதம் அதன் கையில். ஐம்பத்தைந்து லட்சம் பேர் உள்ள ஒரு நாட்டுக்கு! அரசு அதிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 3 சதவீதம்தான் எடுக்கலாம் என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பொது உடைமை இருந்தும் நான் ஏன் சோசலிசம் என்று சொல்லவில்லை? அந்தச் சொத்து நடத்தப்படும் விதத்தைப் பாருங்கள். ஈக்வினார் மற்ற எண்ணெய் கம்பெனிகளைப் போலவே லாபத்துக்காக ஓடுகிறது, நியூயார்க் பங்குச் சந்தையிலும் இருக்கிறது. நிதியம் நார்வேக்குள் முதலீடே செய்வதில்லை. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், நெஸ்லே பங்குகளை வாங்கி வைத்து ஈவுத்தொகை பெறுகிறது. நார்வே அரசு உலகத்தின் மிகப் பெரிய பங்கு முதலீட்டாளர்களில் ஒன்று. முதலாளித்துவம் நன்றாக நடந்தால்தான் நார்வேக்காரருக்கு ஓய்வூதியம். அரசு முதலாளித்துவம் என்ற பெயர் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் வேறு மாதிரி வாதிடுபவர்களோடு ஸ்வீடன் விஷயத்தில் போடுவது போல மல்லுக்கு நிற்க மாட்டேன்.

இன்னொன்று. இயற்கை வளம் பொதுச்சொத்து என்ற எண்ணம் நார்வேயில் எண்ணெயோடு வரவில்லை, அருவிகளோடு வந்தது. 1906-க்கும் 1917-க்கும் இடையே வந்த சட்டங்கள், வெளிநாட்டுக் கம்பெனிகள் அருவிகளை வாங்கிக் குவிப்பதைத் தடுத்தன. தனியார் கட்டும் நீர்மின் நிலையம் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு இழப்பீடு இல்லாமல் அரசுக்கே வந்துசேரும் என்றும் விதித்தன. அவற்றைக் கொண்டுவந்தது சோசலிஸ்டுகள் அல்ல, தாராளவாதக் கட்சி அரசுகள்.

மக்கள் நலத் திட்டங்கள் எல்லாமே இடதுசாரிகள் கட்டியவைதானா?

இல்லை. டென்மார்க்கின் முதியோர் உதவிச் சட்டம் 1891-ல் ஒரு பழமைவாத அரசின் கீழ் வந்தது. ஸ்வீடனின் முதல் பொது ஓய்வூதியம் 1913-ல் தாராளவாதிகள் கொண்டுவந்தது. நார்வேயின் தேசியக் காப்பீடு 1967-ல் நடைமுறைக்கு வந்தபோது மத்திய-வலது கூட்டணி ஆண்டுகொண்டிருந்தது.

சண்டையே இல்லாமல் நடந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஸ்வீடனின் கூடுதல் ஓய்வூதியத் திட்டத்துக்காக 1957-ல் பொது வாக்கெடுப்பு, 1958-ல் நாடாளுமன்றத்துக்கு முன்கூட்டியே தேர்தல், 1959-ல் நாடாளுமன்றத்தில் 115-க்கு 114 என்று ஒரே ஓட்டில் வெற்றி. தூரே ஷோனிக்சன் என்ற தாராளவாதக் கட்சி உறுப்பினர் வாக்களிக்காமல் ஒதுங்கியதால்தான் அது தேறியது.

அங்கே குறைந்தபட்சக் கூலிச் சட்டமே இல்லை என்பது உண்மையா?

உண்மை. நாடு முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலி ஐந்து நாடுகளிலும் சட்டத்தில் இல்லை. கூலியைச் சங்கமும் முதலாளிகளும் துறைவாரியாகப் பேசி முடிக்கிறார்கள். ஸ்வீடனில் பத்தில் ஒன்பது தொழிலாளருக்கு இப்படிப்பட்ட கூட்டு ஒப்பந்தத்தின் பாதுகாப்பு உண்டு. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் குறைந்தபட்சக் கூலி பற்றி உத்தரவு கொண்டுவந்தபோது எதிர்த்து வாக்களித்தவை ஸ்வீடனும் டென்மார்க்கும்! எங்கள் சங்கங்கள் பார்த்துக்கொள்ளும், நீங்கள் தலையிட வேண்டாம் என்பதுதான் காரணம்.

இந்த ஏற்பாட்டுக்கு எவ்வளவு பலம் என்பதை டெஸ்லா விஷயத்தில் பார்க்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட டெஸ்லா மறுத்ததால் 2023 அக்டோபர் 27 அன்று உலோகத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. இறங்கியவர்கள் கொஞ்சம் மெக்கானிக்குகள்தான். ஆனால் துறைமுகத் தொழிலாளர்கள் டெஸ்லா கார்களை இறக்க மறுத்தார்கள். எலக்ட்ரீஷியன்கள் சார்ஜிங் நிலையங்களைப் பழுது பார்க்கவில்லை. தபால்காரர்கள் புது வண்டிகளின் நம்பர் பிளேட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. டென்மார்க், நார்வே, ஃபின்லாந்து சங்கங்களும் சேர்ந்துகொண்டன. இப்படி ஒரு சங்கத்துக்காக இன்னொரு சங்கம் வேலையை நிறுத்துவது அங்கே சட்டபூர்வம். அமெரிக்காவில் பெரும்பாலும் தடை.

ஆனாலும் இத்தனை பலம் படைத்த சங்கம் கேட்டது கம்பெனியை அல்ல, ஒரு ஒப்பந்தத்தைத்தான்.

பணக்காரரிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுப்பதுதானே இந்த மாதிரி?

அப்படித்தான் பலர் நம்புகிறார்கள். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஸ்வீடன், நார்வே, டென்மார்க்கில் வாட் வரியின் பொது விகிதம் 25 சதவீதம். பால் வாங்குபவர், சட்டை வாங்குபவர் எல்லோரும் ஏதோ ஒரு விகிதத்தில் கட்டுவது. ஸ்வீடனில் சம்பளத்துக்கு மேல் 31.42 சதவீதத்தை முதலாளி சமூகக் காப்பீட்டுக்குச் செலுத்துகிறார். மறுபக்கம், நிறுவன வரி ஸ்வீடனில் 20.6 சதவீதம், டென்மார்க்கில் 22. அமெரிக்க மத்திய அரசின் விகிதம் 21. பெரிய வித்தியாசம் இல்லை, பார்த்தீர்களா? வாரிசு வரியை ஸ்வீடன் 2004-ல் ஒழித்தது, அதுவும் சமூக ஜனநாயக ஆட்சியில். செல்வ வரி 2007-ல் போனது. நார்வே மட்டும் செல்வ வரியை விடாமல் வைத்திருக்கிறது, அதனால் பணக்காரர்கள் சிலர் சுவிட்சர்லாந்துக்குக் குடிபோனதும் உண்டு.

ஆக, நடுத்தர வர்க்கம் நிறையக் கட்டுகிறது, நிறையத் திரும்பப் பெறுகிறது. எல்லோருக்கும் கிடைப்பதால் எல்லோரும் கட்டச் சம்மதிக்கிறார்கள்.

வரி ஒருமுறை அளவு மீறிப் போனதும் உண்டு. 1976-ல் குழந்தை இலக்கிய எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் தன் வருமானத்துக்கு 102 சதவீத விளிம்பு வரி (கூடுதலாகச் சம்பாதிக்கும் பணத்தின் மீதான வரி) வருகிறது என்று கண்டு, அதைக் கிண்டல் செய்து ஒரு தேவதைக் கதையை எக்ஸ்பிரஸன் நாளிதழில் எழுதினார். அவர் சமூக ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போட்டு வந்தவர் என்பதால் அடி பலமாக விழுந்தது. சில மாதங்களில் தேர்தல்.

அப்படியானால் வெறும் முதலாளித்துவம்தான் என்று சொல்லிவிடலாமே?

அதுவும் சரியாகாது. வலதுபக்கம் உள்ள நண்பர்கள் நிறுவன வரியைக் காட்டிவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். சங்கங்களைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அரசு, உள்ளாட்சி வேலைகளில் மட்டும் ஸ்வீடனிலும் நார்வேயிலும் உழைப்பவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் இருக்கிறார்.

டென்மார்க்கில் பிறந்த சமூகவியலாளர் யெஸ்தா எஸ்பிங்-ஆண்டர்சன் 1990-ல் நல்ல அளவுகோல் ஒன்றைக் கொடுத்தார். ஒருவர் தன் உழைப்பைச் சந்தையில் விற்காமல் எவ்வளவு காலம் கண்ணியமாக வாழ முடியும்? நோய் வந்தால், வேலை போனால், குழந்தை பிறந்தால்? ஸ்வீடனில் ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 480 நாள் விடுப்பு, அதில் 90 நாள் வீதம் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கியது, மற்றவருக்கு மாற்ற முடியாது. பசிக்குப் பயந்து எந்த வேலைக்கும் தலையாட்ட வேண்டிய அவசியம் இல்லாத தொழிலாளி, பேரம் பேசும் மேசையில் வேறு ஆளாக உட்காருகிறார். முதலாளி அப்படியே இருக்கிறார், அவர் முன்னால் உட்காரும் ஆள் மாறிவிட்டார். இதைத்தான் சமூக ஜனநாயகம் என்கிறோம். வேறு பெயர் தேடி அலைய வேண்டியதில்லை.

1990களுக்குப் பிறகு அதுவும் கரைந்துவிட்டதா?

ஸ்வீடனில் ஓரளவு. 1990களின் தொடக்கத்தில் வங்கி நெருக்கடி, 1992-ல் நாணயத்தைக் காப்பாற்ற மத்திய வங்கி வட்டியை 500 சதவீதத்துக்கு ஏற்றிய கூத்து, நாட்டு வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிய அரசுச் செலவு என எல்லாம் சேர்ந்து வந்தன. 1992-ல் பள்ளி வவுச்சர் முறை வந்தது, அதாவது பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறதோ அங்கே அரசுப் பணமும் போகும். வரிப்பணத்தில் நடக்கும் தனியார் பள்ளி லாபம் எடுத்துப் பங்குதாரருக்குக் கொடுக்கலாம்! அமெரிக்காவிலேயே பல இடங்களில் கூச்சப்படுவார்கள். ஓய்வூதியத்திலும் ஒரு சிறு பகுதி, சம்பளத்தில் 2.5 சதவீதம், தனிநபர் முதலீட்டுக் கணக்குக்குப் போகிறது. ஆனாலும் விடுப்பு, மருத்துவம், பிள்ளைகள் காப்பகம், கூட்டு ஒப்பந்தம் எல்லாம் நிற்கின்றன.

மதுக்கடைகளைக்கூட அரசே நடத்துகிறதாமே?

டென்மார்க் தவிர மற்ற நான்கிலும் அப்படித்தான். ஸ்வீடனில் சிஸ்டம்போலாகெட், நார்வேயில் வின்மோனொபோலெட். குடியைக் குறைக்க வந்தவை, ஞாயிறு மூடல். இதை வைத்துச் சோசலிசம் என்றால் டாஸ்மாக் நடத்தும் தமிழ்நாடு எங்கேயோ போய்விடும்.

அங்கே உள்ள சோசலிஸ்டுகள் என்ன சொல்கிறார்கள்?

ஸ்வீடனின் இடதுசாரிக் கட்சி, நார்வேயின் சோசலிச இடதுசாரிக் கட்சி, டென்மார்க்கின் சிவப்பு-பச்சைக் கூட்டணி எல்லாம் நாடாளுமன்றத்தில் இருக்கின்றன. தங்கள் நாடு முதலாளித்துவ நாடு, அதை மாற்ற வேண்டும் என்பதுதான் அவர்கள் பேச்சு. ஸ்வீடன் சமூக ஜனநாயகக் கட்சியின் கொள்கை அறிக்கையில் ஜனநாயக சோசலிசம் என்ற சொல் இன்னும் இருக்கிறது. ஆனால் சொல் ஏறியதால் மட்டும் நாடு மாறிவிடாது. 1976-ல் இந்திய அரசியலமைப்பின் முகப்புரையிலும் 1978-ல் இலங்கையின் பெயரிலும் சோசலிசம் என்ற சொல் ஏறியது. அதே 1978-ல் நடைமுறைக்கு வந்த இலங்கை அரசியலமைப்பை எழுதிய ஜே.ஆர். ஜெயவர்தன அரசுதான் திறந்த பொருளாதாரத்தையும் கொண்டுவந்தது.

வெளியிலிருந்து போய்க் குடியேறுபவர்களுக்கும் இதெல்லாம் கிடைக்குமா?

பெரும்பாலானவை குடியுரிமையைப் பார்ப்பதில்லை, வசிப்பதையும் வேலை செய்வதையும் பார்க்கின்றன. 1980களில் நார்வேயின் வடகோடி ஃபின்மார்க் மீன் ஆலைகளில் வேலைக்குப் போய்ச் சேர்ந்த ஈழத் தமிழர்களின் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் ஓய்வூதியத்தில் ஒரு கணக்கு உண்டு. நார்வேயில் முழுக் குறைந்தபட்ச ஓய்வூதியம் வேண்டுமென்றால் 40 ஆண்டுகள் அங்கே காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். நடுவயதில் போனவருக்கு அந்த விகிதத்தில் குறையும்.

மேற்படிப்புக்குப் போக நினைப்பவர்கள் கவனிக்க: இலவசக் கல்லூரி என்பது இப்போது பெரும்பாலும் ஐரோப்பியர்களுக்குத்தான். இந்தியா, இலங்கை மாணவர்களிடம் டென்மார்க் 2006 முதலும், ஸ்வீடன் 2011 முதலும், ஃபின்லாந்து 2017 முதலும், நார்வே 2023 முதலும் கட்டணம் வாங்குகின்றன.